தவசிமுத்து வீட்டுச் சாயங்காலம்

நெடுந்துறைக் கடற்கரையைப் புதுப்பிக்கும் திட்டத்தில் முதலில் வந்து சேர்ந்தவர்கள் படத்தில் இருந்த மனிதர்கள்தான். கல், சிமெண்ட், மரக்கன்று எல்லாம் பின்னால் வரும் என்று நகராட்சியில் சொன்னார்கள்.

படத்தை மில் வாசலை ஒட்டிய மதிலில் மாட்டியிருந்தார்கள். மில் மூடிய பிறகு அந்த மதிலில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைத் தவிர வேறெதையும் யாரும் ஒட்டியதில்லை. படத்தில் கடலோரமாக அகலமான நடைபாதை ஒன்று வளைந்து போயிற்று. துறைமுகப் பாலத்து முனையில் துருப்பிடித்துக் கிடந்த கிரேன்கள் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டு அழகுக்காக நின்றன. பஞ்சுக் கிட்டங்கி இருந்த இடத்தில் மாடி வைத்த ஓட்டல். கடல் நீலமாக இருந்தது. எல்லாவற்றின் மேலும் சாயங்கால வெயில். நடைபாதை நெடுக மனிதர்கள் நடந்தார்கள், ஓடினார்கள், சிரித்தார்கள், சைக்கிள் விட்டார்கள். அவர்களில் நெடுந்துறைக்காரர் ஒருவரும் இல்லை. அதில் ஊருக்கு வருத்தமும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் கடற்கரைக்குப் போய்ப் பல வருஷமாகிவிட்டது. மில்லின் கொதிகலன் சாம்பலை ஒரு தலைமுறைக்குமேல் அங்கேதான் கொட்டினார்கள். அதற்குச் சாம்பக்கரை என்றே பெயர்.

படத்திலிருந்து வந்தவர்கள் சாம்பலில் நின்றார்கள். நடைபாதை இன்னும் வராததால் நிற்க வேறு இடமில்லை. ஆகவே வேலை முடியும்வரை அவர்களை மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் வீட்டுக்கு ஒருவராகத் தங்கவைப்பது என்று முடிவாயிற்று. லைன் வீட்டுக்காரர்கள் மறுக்கவில்லை. மில் ஓடிய காலத்தில் முதல் ஷிப்டுக்காரன் எழுந்துபோன பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். பாய் ஆறுவதற்கு நேரம் இருக்காது. ஒரு வீட்டுக்குள் இன்னொருவருக்கு இடம் பண்ணிக்கொடுப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

தவசிமுத்துவின் வீடு கடைசி வீடு. நூற்புப் பகுதியில் பிட்டராக இருந்தவர். மனைவி சொர்ணக்கிளி மில் மூடுவதற்கு முந்தின வருஷம் இறந்துபோனாள். மகள் திருப்பூரில் இருந்தாள். கவுன்சிலர் அமலி வந்து வாசலில் நின்றபோது அவர் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு அம்மாவ ஒதுக்கியிருக்கு. குடைய மடக்கிக் கையில வெச்சிருக்காவ. ஒரு தொந்தரவும் இருக்காது."

"சாப்பாடு?"

"சாப்பிடுத மாதிரி வரஞ்சிருந்தாத்தான் சாப்பிடுவாவ. இவிய சும்மா நிக்கிறவிய."

"நிக்கட்டும்" என்றார் தவசிமுத்து.

குடைக்காரி உள்ளே வந்து நடுவீட்டில் கிழக்கே பார்த்து நின்றாள். படத்தில் கடலைப் பார்த்து நிற்பவளாக, பின்பக்கமிருந்து வரையப்பட்டவள். அதனால் அவளுக்கு முதுகுதான் இருந்தது. தவசிமுத்து ஒருதடவை மரியாதைக்காக எதிரே போய் நின்று "வாங்க" என்று சொல்லப் பார்த்தார். எதிரே போனாலும் முதுகுதான். பக்கவாட்டில் போனாலும் முதுகுதான். திரும்பத் திரும்பச் சுற்றிவருவது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டார். நிழல் மாதிரி லேசான உடம்பு. அதன் வழியாகப் பின்னால் மாட்டியிருந்த நாள்காட்டியின் தேதி தெரிந்தது. தேதி பார்க்க அவளை நகரச்சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிழக்கே கடல் இருந்தது. ஆனால் அவளுக்கும் கடலுக்கும் நடுவில் அடுப்படிச் சுவர் இருந்தது, அதற்கப்பால் மில்லின் பெரிய மதில் இருந்தது. அவள் பார்க்கக் கிடைத்ததெல்லாம் சுவர் அலமாரியில் அவர் அடுக்கியிருந்த எண்ணெய்ப் புட்டியும் தீப்பெட்டியும் சுக்கு டப்பாவும்தான். இரண்டாம் நாள் அவர் அலமாரியைத் துடைத்துப் புட்டிகளை உயரவாரியாக அடுக்கிவைத்தார்.

மற்ற வீடுகளில் இவ்வளவு சுலபமாக இல்லை. இரண்டு வீடு தள்ளியிருந்த சேவியருக்கு ஓடுகிற ஆள் கிடைத்திருந்தான். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு ஓடும் நிலையில் வரையப்பட்டவன். அவனால் நிற்க முடியாது. இடமில்லாததால் நின்ற இடத்திலேயே ஓடினான். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர் சேவியர். எந்தச் சத்தத்திலும் தூங்கிப் பழகியவர். ஆனாலும் அவருக்கு ஒரு குறை இருந்தது.

"ஓடட்டும்வே. வேண்டாங்கல. எங்கயாவது போய்ச் சேந்தா நமக்கும் ஒரு திருப்தி. காலைல கண்ணு முழிச்சா அதே இடத்துல நிக்கான்."

"நாமளும் அப்படித்தான ஓடினோம்" என்றார் தவசிமுத்து.

"நமக்குப் பஞ்சப்படி கெடைச்சிதுல்லா."

சேவியரின் மனைவி தெரசம்மா அவனைப் பற்றிக் குறை சொல்லவில்லை. ஓடுகிறவன் பக்கத்தில் எப்போதும் காற்று இருந்தது. மழைக்காலத்தில் துணிகளை அவன் அருகே கொடி கட்டிக் காயப்போட்டாள். சிரித்துக்கொண்டே காபி குடிக்கும் ஜோடியை மட்டும் துக்கவீடு ஒன்றில் விட்டுவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரும் அழும்போது அந்த ஜோடி சிரித்தபடி இருந்தது. அமலி வந்து மன்னிப்புக் கேட்டு, ஜோடியை எடுத்துக்கொண்டு சைக்கிள்காரனைக் கொடுத்துவிட்டுப் போனாள். துக்கவீட்டுக்காரர்கள் கொஞ்சநாளில் ஜோடியே பரவாயில்லை என்றார்கள். அதற்குள் ஜோடி வேறு வீட்டில் பழகிவிட்டது.

தவசிமுத்து ஒரு விஷயத்தைச் சில நாள் கழித்துத்தான் கவனித்தார். உச்சிவெயில் நேரம். பழையதைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் இடது தோளில் பொன்னிறமாக வெயில் விழுந்திருந்தது. மேற்கேயிருந்து சாய்வாக விழுகிற வெயில். அவள் நிழல் நீளமாக அடுப்படி வரைக்கும் போய்ச் சுவரில் ஏறியிருந்தது. வெளியே எட்டிப் பார்த்தார். தெருவில் நிழல்கள் காலடியில் சுருண்டு கிடந்தன. உள்ளே வந்தார். உள்ளே சாயங்காலமாக இருந்தது. படம் முழுக்கச் சாயங்காலமாக இருந்ததால் அவளும் அதோடுதான் வந்திருந்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் அருகே உட்கார்ந்து சாப்பிட்டார்.

தவசிமுத்து வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இரண்டாம் ஷிப்டுதான். ஆள் பற்றாக்குறை என்று தற்காலிகமாகப் போட்டார்கள், பிறகு யாரும் மாற்றவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டாம் ஷிப்டுக்காரனுக்குக் காலை உண்டு, மத்தியானம் பாதி உண்டு, ராத்திரி உண்டு. சாயங்காலம் கிடையாது. அது மில்லுக்குள், பஞ்சுத்தூசியும் குழல்விளக்கும் சேர்ந்த ஒரே வெளிச்சத்துக்குள் கழிந்துவிடும். அவர் வீட்டுக்கு வரும்போது சொர்ணக்கிளி பாதித் தூக்கத்தில் எழுந்து சோறு போடுவாள். போட்டுக்கொண்டே, "இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருந்திச்சி" என்பாள். அவர் "ம்" என்பார். சில நாள், "இன்னிக்கு அவ்வளவு நல்லா இல்ல" என்பாள். அதற்கும் "ம்" என்பார். எந்த வெளிச்சம், அதில் நல்லதென்ன நல்லதில்லாததென்ன என்று கேட்கத் தோன்றியதில்லை. சோறு சூடாக இருக்கும்.

மில் மூடியபின் சாயங்காலங்கள் அவருக்கு மொத்தமாக வந்து சேர்ந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. போர்த்திப் படுத்துவிடுவார். எழுந்தால் இருட்டியிருக்கும்.

இப்போது வீட்டுக்குள்ளேயே ஒன்று நிரந்தரமாக நின்றுகொண்டிருந்தது. காலையில் பல் தேய்க்கும்போதும் சாயங்காலம், மத்தியானமும் சாயங்காலம். அவர் அதில் உட்கார்ந்து மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். முதலில் விலைவாசி. பிறகு முட்டுவலி. பிறகு ஒருநாள், "இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொர்ணக்கிளிக்குச் சொன்ன பதிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால் அவருக்கு அது குறையாகப் படவில்லை.

கடற்கரை வேலை மெதுவாக நடந்தது. சாம்பலை அள்ளினார்கள். அள்ள அள்ளச் சாம்பலாகவே இருந்தது. வேலை நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் தெருவில் எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். தவசிமுத்துவும் கூடச்சேர்ந்து அலுத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொள்வார்.

ஐப்பசி வாக்கில் திட்டத்தின் பெரிய படத்தை மேலிடத்து ஒப்புதலுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அனுப்புமுன் ஊர் பார்க்கட்டும் என்று மில் கேன்டீனில் விரித்து வைத்தார்கள். இன்ஜினியர் தினகரன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். லைன் வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் தங்கியிருப்பவர் எங்கே நிற்கிறார் என்று தேடினார்கள். ஓடுகிறவனுக்கு முன்னால் தடையில்லாத நீண்ட பாதை இருந்ததைச் சேவியர் பார்த்தார்.

"போயிருவான்வே. நம்ம பய போயிருவான்."

பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் படத்தைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். இது லைன் வீட்டுப் பெண்களுக்குப் பிடிக்கவில்லை.

"இத்தன கண்ணு பட்டா என்னத்துக்கு ஆகும்" என்றாள் தெரசம்மா. கைப்பிடி உப்பும் மிளகாயும் எடுத்துவந்து ஓடுகிறவனுக்குச் சுற்றி, கேன்டீன் அடுப்பில் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் தங்கள் ஆட்களுக்கு எலுமிச்சையோ சூடமோ எதையாவது சுற்றினார்கள். தினகரன் தும்மினான், தடுக்கவில்லை.

தவசிமுத்து வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து சொர்ணக்கிளியின் கண்மை டப்பாவை எடுத்தார். மை காய்ந்து வெடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் குழைத்தார். கேன்டீனுக்கு வந்து, குடையோடு நிற்பவளைத் தேடினார். கல்யாணப் பெண் என்றால் கன்னத்தில் வைப்பார்கள். கன்னம் இல்லாதவளுக்கு எங்கே வைப்பது என்று சற்று யோசித்தார். பச்சைப்பிள்ளைக்கு உள்ளங்காலில் வைப்பதுண்டு. அவள் குதிகாலோரமாக மோதிரவிரலால் ஒரு பொட்டு வைத்தார். நல்ல கறுப்பாக, வட்டமாக வந்திருந்தது.

"லட்சணமா இருக்கு அண்ணாச்சி" என்றாள் தெரசம்மா.

தை மாதம் படம் ஒப்புதலாகித் திரும்பி வந்தது. வாசல் மதிலில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டும் நாளும் குறித்தார்கள். அதற்கு முன்னால் அமலி தவசிமுத்துவிடம் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, இவிய புதுப் படத்துல இல்ல."

"இல்லன்னா?"

"அந்த எடத்துல கழிவுநீர்க் கெணறு வருது. மூடி போட்ட கெணறு. மூடி மேல ஆளு நிக்கக் கூடாதாம்."

தவசிமுத்து தேடிப்போனபோது தினகரன் பழைய மில் ஆபீஸ் அறையில் இருந்தான். மேஜைமேல் படம் விரிந்திருந்தது. தவசிமுத்து குனிந்து பார்த்தார். அவள் நின்ற இடத்தில் வட்டமான கறுப்பு மூடி ஒன்று இருந்தது. ஊர்ப்பக்கமிருந்து கோடுகள் புறப்பட்டு எல்லாம் அந்த மூடியை நோக்கியே வந்தன.

"தம்பி, இது நான் வெச்ச பொட்டு. கண்ணு படக்கூடாதுன்னு வெச்சது."

"தெரியும் ஐயா. நான்தான் பக்கத்துல இருந்தேனே."

"அப்ப மேல சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னேன். அதுக்குள்ள அவங்க குழாயெல்லாம் இழுத்துட்டாங்க. படத்துல கறுப்பா வட்டமா தரையில இருந்தா அது கிணறுதான். ஊர்க் கழிவு போக வழியில்லைன்னு ரொம்ப நாளா முழிச்சிக்கிட்டிருந்தோம். உங்க பொட்டைப் பார்த்ததும்தான் வழி கிடைச்சுது. ரொம்பப் பொருத்தமான இடம்னு பாராட்டிக்கூட எழுதியிருக்காங்க."

"அழிச்சிட்டா?"

"அழிச்சிடலாம். அப்புறம் உங்க தெருத் தண்ணி உங்க தெருவுலயேதான் நிக்கும்."

தவசிமுத்து யோசித்தார். லைன் வீடுகளின் சாக்கடை மில் மூடிய வருஷத்திலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தது. போன மழையில் தெரசம்மாவின் அடுப்புவரை வந்துவிட்டுப் போனது. அழிக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தினகரன் நல்ல பையன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் படத்தை மறுபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிப் பார்த்தான்.

"ஒரே ஒரு இடம் இருக்கு ஐயா. ஓட்டல் மாடியில ஒரு நாற்காலி காலியா இருக்கு. அங்க உட்கார வெச்சிடலாம். ஆனா அந்த நாற்காலி ஊரைப் பார்த்துப் போட்டது. முகம் வேணும்."

"ஏதாவது ஒரு முகத்தப் போட்டுக்கிட முடியாதா?"

"ஏதாவது போட்டா வேற ஆளு வந்து உட்கார்ந்துடுவாங்க. இவங்க இவங்களாவே இருக்கணும்னா, இவங்களை வீட்டுல வெச்சிருந்த உங்களுக்குத் தெரிஞ்ச முகமா இருக்கணும். மேற்கு வெயில் நேரா மூஞ்சியில விழும். அதனால சாயங்கால வெளிச்சத்துல நீங்க பார்த்த முகமா சொல்லுங்க. நான் வரைஞ்சிடுவேன்."

அவன் பென்சிலைச் சீவிக்கொண்டு காத்திருந்தான். தவசிமுத்துவுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான்.

"நெத்தி கொஞ்சம் அகலம்" என்றார். தினகரன் வரைந்தான். "மூக்குத்தி, வலதுபக்கம். செவப்புக் கல்லு."

"வெயில் படும்போது கல்லு மின்னுமா, மங்கலா இருக்குமா?"

தவசிமுத்து யோசித்தார். அரிக்கேன் விளக்கில் மூக்குத்தி எப்படி இருக்கும் என்று தெரியும். பிறகு கரண்ட் வந்தபின் குண்டுபல்பில் எப்படி இருக்கும் என்று தெரியும்.

"தெரியல தம்பி."

"கண்ணு? வெயிலுக்குச் சுருக்குவாங்களா, நல்லாத் திறந்து பார்ப்பாங்களா?"

"நான் ரெண்டாம் ஷிப்டு."

"வார லீவு இருந்திருக்குமே ஐயா."

"லீவுல தூங்கிருவேன்."

தினகரன் பென்சிலைத் தூக்கியபடியே வைத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை. நெற்றியும் மூக்குத்தியும் மட்டும் காகிதத்தில் காத்திருந்தன. கடைசியில் அவனே, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு. யாரையாவது கேட்டுட்டு வாங்க" என்றான்.

தவசிமுத்து நேரே தெரசம்மா வீட்டுக்குப் போனார். சொர்ணக்கிளி இருந்தவரை அவளும் தெரசம்மாவும் சாயங்காலம் ஆனால் கொல்லைப்புறத்தில் ஆளுக்கொரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அவருக்குக் கேள்வி அறிவாகத் தெரியும். தெரசம்மா ஓடுகிறவன் பக்கத்தில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"அவ மூஞ்சியையா அண்ணாச்சி? நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலல்லா உக்காந்திருப்போம். எதுத்தாப்புல மில்லு மதிலு. வெயிலு கூரையைத் தாண்டி அந்த மதில்ல விழும். முதல்ல மஞ்சளா, பொறவு செவப்பா, அப்படியே ஏறி ஏறி மேல போயி அணைஞ்சிரும். அதத்தான் பாத்துக்கிட்டு இருப்போம். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுவா."

"மூஞ்சியப் பாக்கல."

"ஆரு பாத்தா? பக்கத்துல இருக்கவ மூஞ்சிய எதுக்குப் பாக்க?" போர்வையை உதறிவிட்டு, "அதான் ராத்திரி நீங்க பாப்பியள்ல" என்றாள்.

தவசிமுத்து வீட்டுக்கு வந்தார். சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றித் துடைத்து, குடைக்காரியின் தோள் அருகே பிடித்தார். சாயங்கால வெயில் போட்டோமேல் விழுந்தது. சொர்ணக்கிளியின் முகம் ஸ்டுடியோ வெளிச்சத்திலேயே இருந்தது. மேலே கண்ணாடி மட்டும் மின்னிற்று. சாய்த்துப் பிடித்தார், தாழ்த்திப் பிடித்தார். கண்ணாடிதான் மின்னிற்று. போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு குடைக்காரியின் காலடியில் உட்கார்ந்தார்.

"மதிலத்தான் பாத்துருக்கா" என்றார் அவளிடம். "நான் அந்த மதிலுக்கு உள்பக்கம் நின்னுருக்கேன். நடுவுல ஒரு கல்லு கனம்தான்."

பிறகு, "கேட்டிருந்தா சொல்லியிருப்பா" என்றார்.

அன்றைக்கு அவர் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அந்த வெயிலிலேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்னால் போய், "வரைய வேண்டாம் தம்பி" என்று சொன்னார். தினகரன் காகிதத்தை அவரிடமே கொடுத்தான். அவர் அந்த நெற்றியையும் மூக்குத்தியையும் மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மில் வாசல் வழியாக வந்தார். வாசல் மதிலில் ஏணி சாத்திப் புதிய படத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சேவியர், "எங்கவே வேகமா?" என்றார். தவசிமுத்து நிற்காமல் நடந்தார். தெருவில் கடைசி வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளேயும் உச்சிப்பொழுதாகவே இருந்தது. அலமாரியில் புட்டிகள் உயரவாரியாக நின்றன. தேதி பார்த்தார். நடுவில் எதுவும் இல்லாததால் எழுத்து பெரிதாகத் தெரிந்தது.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. கிணறு முதலில் முடிந்தது. லைன் வீடுகளில் நின்றிருந்த தண்ணீர் எல்லாம் ஒரே நாளில் வடிந்து போயிற்று. தெரு காய்ந்து கிடந்ததைப் பார்க்க எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். அமலி, "அண்ணாச்சி வெச்ச பொட்டு" என்று எல்லோரிடமும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பெஞ்சுகள் வந்தன. வேப்பங்கன்றுகள் வந்தன. நடைபாதை முடிந்த நாள் படத்து மனிதர்கள் தங்கள் தங்கள் வீடுகளிலிருந்து கிளம்பினார்கள். லைன் வீட்டுப் பெண்கள் அவர்களுக்குக் குங்குமம் வைத்து வழியனுப்பினார்கள். ஜோடி சிரித்துக்கொண்டே போயிற்று. ஓடுகிறவன் வாசலைத் தாண்டியதும் முதல்தடவையாக முன்னால் நகர்ந்தான். சேவியர் அவன்கூடத் தெருமுனைவரை ஓடிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அன்றிலிருந்து காலைநேரத்தில் அவரைத் தெருவில் பார்க்க முடிந்தது. கண் வீங்கியிருக்கும்.

"தூக்கம் வரமாட்டேங்குதுவே. வீட்டுல ஒரு சத்தம் இல்ல."

"பழகிரும்" என்றார் தவசிமுத்து.

லைன் வீட்டுக்காரர்கள் நடைபாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப்புறம் நின்று பார்க்கலாம் என்று அனுமதி இருந்தது. தவசிமுத்து ஒருமுறை போனார். மூடியின்மேல் யாரும் நிற்கவில்லை. எல்லோரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஓட்டல் மாடி நாற்காலியில் பூ வேலை செய்த சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணைச் சுருக்கவில்லை. வெயில் நேராக முகத்தில் விழுந்தால் அப்படித் திறந்தும் பார்க்கலாம் போலும் என்று தவசிமுத்து நினைத்துக்கொண்டார். பிறகு போகவில்லை.

கடைசியாக வந்தது படத்தில் இருந்த கடல். நீலமாக, வாடையில்லாமல், அளவான அலைகளோடு வந்து நடைபாதை ஓரமாக அமைந்துகொண்டது. அதற்கு இடம் விட வேண்டியிருந்ததால் பழைய கடல் காலிசெய்ய வேண்டியதாயிற்று. அமலி வீடுவீடாகப் போய் அதற்கு இடம் கேட்டாள். சேவியர் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். துக்கவீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். பிரித்தால் அலை அறுந்துபோகும் என்று தினகரன் வேண்டாம் என்றான்.

அமலி கடைசி வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுலதான் ஒரு எடம் காலியா இருக்கு."

"கொஞ்ச நாளைக்கா?"

"சொல்ல முடியாது. ஆனா ஒரு தொந்தரவும் இருக்காது. பழைய கடல்தான, அடங்கி இருக்கும். மில்லுச் சாம்பலத் தின்னு தின்னு கொஞ்சம் எளைச்சுப் போச்சு."

தவசிமுத்து உள்ளே திரும்பிப் பார்த்தார். அரிசிப்பானையைப் பரண்மேல் ஏற்றினார். நாள்காட்டியை ஓர் ஆணி உயர்த்தி மாட்டினார். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் கொடுத்தார். அடுப்படி மடைக்குத் துணி சுருட்டி வைத்து அடைத்தார். எல்லாம் முடித்துவிட்டு வாசலுக்கு வந்து, "வரச்சொல்லு தாயி" என்றார்.

பழைய கடல் தெருவோரமாக, யார்மேலும் படாமல், பழுப்பு நிறத்தில் வந்தது. வாசற்படி அருகே வந்ததும் தயங்கி நின்றது. தவசிமுத்து ஒதுங்கி வழிவிட்டார். அது நுரையை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போயிற்று.